மாட்டின் மேல் போட்ட பழி

இத்தாவில் இருந்த காலத்தில் நான் ஒரு பொலிஸ்காரனோடு தினமும் சண்டை பிடித்தேன். அவன் தொலைக்காட்சிக்குள் இருந்தான். நான் அறைக்கும் குசினிக்கும் நடுவில் வெள்ளைச் சேலையோடு இருந்தேன்.

கணவன் மௌத்தாகிப் போனால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும், அதுதான் இத்தா. அரசாங்கமே அதற்கு லீவு தருகிறது. நான் கணிதம் படிப்பிக்கிறவள். காலை ஏழு மணிக்கே பள்ளிக்கூட வாசலில் நின்று பிந்தி வருகிற பிள்ளைகளை அதட்டியே பழகியவளுக்குத் திடீரென்று அதட்ட ஆளில்லாமல் போயிற்று. யாசீன் ஓதினேன். அழுதேன். அவருடைய சேட்டுகளை மடித்தேன், திரும்பக் கலைத்து மடித்தேன். கம்பஸ் விடுமுறையில் வந்திருந்த என் மகள் இதைப் பார்த்துப் பயந்துவிட்டாள். ஒரு நாள் மதியம் லுஹர் தொழுத பிறகு தொலைக்காட்சியில் இன்டர்நெட்டைக் கொழுவி, "உம்மா, இதப் பாருங்க, தமிழ் எழுத்து ஓடுது" என்று ஒரு நாடகத்தைப் போட்டாள்.

ஏதோ ஒரு குளிர் நாட்டின் சின்ன மீன்பிடி ஊர். அந்த ஊர் பொலிஸுக்குப் பெரியவன்தான் கதாநாயகன். மகள் அவனை 'சீஃப்' என்றாள். எங்களுக்கு அப்படியெல்லாம் கிடையாது, ஓஐசிதான். நரைத்த தாடி, பொருந்தாத கோட்டு, முழங்கால் வலி. பெண்சாதி விட்டுப் போய்விட்டாள், மகன் போனை எடுப்பதில்லை. வீட்டில் கதிரையிலேயே தூங்குவான். டின் மீனை நின்றுகொண்டே தின்பான். அதோடு குடி வேறு.

"இவனெல்லாம் ஒரு ஓஐசியா? வாயில ஹராம், வீட்டில சண்ட, இவன் ஊரத் திருத்தப் போறானாம்," என்று முதல் நாளே எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அடுத்த நாள் லுஹர் முடிந்ததும் நானே ரிமோட்டைத் தேடினேன்.

என் மூத்த சகோதரர் காக்காவின் மனைவி, என் மச்சி, வந்து பார்த்துவிட்டு வாயில் கைவைத்தாள். "இத்தாவில இரிக்கிற பொம்புள அந்நிய ஆம்புளையப் பாக்கிறயா?" என்றாள்.

"நான் அவனப் பாக்கிறன் மச்சி. அவன் என்னப் பாக்கல்லயே," என்றேன். என் மாப்பிள்ளை, அவளுடைய வாப்பா, போன பிறகு என் மகள் அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

அவர் எப்படிப் போனார் என்று சொல்ல வேண்டும். அவர் வயல் செய்கிறவர். சுபஹ் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் வயல் வட்டைக்குப் போனார். அது நெல் வெட்டுக் காலம். வயல் வீதியில் கட்டாக்காலி மாடு ஒன்று குறுக்கே பாய்ந்து, மோதி விழுந்து, தலையில் அடிபட்டுப் போய்விட்டார். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். லுஹருக்கு முன்பே ஜனாஸா வீட்டுக்கு வந்தது, பின்னேரம் அஸரோடு அடக்கினார்கள். ஓடித் திரிந்து எல்லாம் பார்த்தவர் என் காக்கா. விபத்தில் போனவரை இவ்வளவு கெதியாக, கீறாமல் கிழிக்காமல் கொண்டு வந்து சேர்த்தாரே என்று ஊர் அவரைப் புகழ்ந்தது. நானும் மனதார துஆ செய்தேன்.

எங்கள் பக்கத்தில் கட்டாக்காலி மாடு புதிதல்ல. பகலில் வீதியில் படுத்து அசைபோடும், ஹோன் அடித்தால் நம்மைத்தான் முறைக்கும். எத்தனையோ பேரின் கை கால் முறிந்திருக்கிறது. ஆகவே நான் சந்தேகப்படவில்லை. அந்த மாட்டின் மேலும் அதை அவிழ்த்து விட்டவன் மேலும் நெஞ்சு நிறைய ஆத்திரம் வைத்திருந்தேன். அந்த ஆத்திரம் எனக்கு ஒரு துணையாகவும் இருந்தது.

ஒரு நாள் முற்பகலில் அந்த மாட்டுக்காரரே வந்தார். மேற்கே இருக்கும் தமிழ்க் கிராமம் ஒன்றிலிருந்து தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து கேற்றடியில் நின்றார். மச்சி என்னை உள்ளே போகச் சொன்னாள். நான் மண்டபத்துத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"தங்கச்சி, நான்தான் அந்த மாட்டுக்காரன்," என்றார். குரல் வயதான குரல்.

"ஒங்களுக்கு மாட்டக் கட்டி வைக்கத் தெரியாதா? ஒரு மனிசன் போயிட்டாரு. இப்ப என்னத்துக்கு வந்திரிக்கீங்க, சமாதானம் கதைக்கவா?" என்று திரைக்குள்ளிருந்தே கத்தினேன்.

"இல்ல தங்கச்சி. சமாதானத்துக்கு வரல்ல. அந்த வீதியில என்ட குறி சுட்ட மாடுதான் நிக்கிறதாம், அதால என்னப் புடிச்சி வழக்குப் போட்டிருக்காங்க. ஆனா அண்டைக்கு என்ட மாடு பட்டியில நிண்டது. நான் பால் கறந்துகொண்டு நிண்டன். பொலிசிலயும் சொன்னன், ஆரும் கேக்கிறாங்க இல்ல. நீங்களாவது நம்ப வேணும் எண்டுதான் வந்த."

"இவர மறியலில புடிச்சி அடச்சா நாங்க என்ன புள்ள செய்யிற?" என்று அவர் மனைவி அழுதாள்.

நான் இளகவில்லை. "அல்லாஹ்வுக்குத் தெரியும். போங்க," என்றேன். ஒரு முகம் கிடைத்ததும் என் கோபம் இரட்டிப்பாகிவிட்டது என்பதுதான் உண்மை.

அன்று பின்னேரம் நாடகத்தில் என் ஓஐசிக்கு ஒரு பெரிய வெற்றி. துறைமுகத்தில் ஒரு பெண் செத்து மிதந்த விவகாரத்தில் ஒரு தோணிக்காரனைப் பிடித்துவிட்டான். தோணிக்காரன் அரைப் பைத்தியம், தனியாள், அவனுக்காகப் பேச யாருமில்லை. ஊரே நிம்மதியாயிற்று. பேக்கரிக்காரன் ஓஐசிக்குப் பாணை இலவசமாகக் கொடுத்தான். அவனோ வீட்டுக்குப் போய் அந்தப் பாணைத் தின்னாமல் குடிக்கத் தொடங்கினான். தோணிக்காரன் அதைச் செய்திருக்க மாட்டான் என்று அவன் முகத்திலேயே எழுதியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"தெரியுந்தானே ஒனக்கு? தெரிஞ்சிக்கிட்டுக் குடிச்சிக் கிடக்கிறியே, எழும்பிப் போய்ப் பாரன்டா!" என்று தொலைக்காட்சியைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

அவன் எழும்பிப் போனான். தோணி வைத்திருந்த கொட்டிலுக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் இருந்து தோணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சில்லை, பாட்டில்லை. ஒரு மனிதன் ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். மகள் அலுத்துப்போய் அதை ஓட்டிவிடப் பார்த்தாள். "ஓட்டாத புள்ள," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். எங்கள் கிணற்றடியில் தறப்பாளால் மூடியபடி அவருடைய மோட்டார் சைக்கிள் நின்றது. பொலிஸ் திருப்பித் தந்ததை யாரோ கொண்டு வந்து நிறுத்தி மூடிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தப் பக்கம் பார்க்க வேண்டி வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதை ஒருவரும், நானுங்கூட, ஒழுங்காகப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் தறப்பாளை இழுத்தேன். முன்பக்கத்து லைட் ஒரு கீறல் கூட இல்லாமல் முழுதாக இருந்தது. முன் மட்காட் நேராக இருந்தது. சில்லைத் தூக்கிச் சுற்றினேன், சுகமாகச் சுற்றியது. பின்னால் போனேன். பின் லைட் தூள். நம்பர் தகடு உள்ளுக்கு மடிந்திருந்தது. பின் மட்காட் நசுங்கி டயரில் ஒட்டிக்கொண்டிருந்தது. கரியர் கம்பியில் ஒரு கை நீளத்துக்குச் சிவப்புப் பெயின்ட் இழுபட்டிருந்தது.

இதற்குக் கணிதம் தேவையில்லை. குறுக்கே பாய்ந்த மாடு பின்னால் வந்து இடிக்குமா? இடித்தாலும் சிவப்புப் பெயின்ட் பூசிவிட்டா போகும்? ஏதோ ஒரு சிவப்பு வாகனம் என் மாப்பிள்ளையைப் பின்னாலிருந்து இடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. நான் கிணற்றுக் கட்டின் மேல் குந்தி அழுதேன். அவருக்காகத்தான் அழுதேன். பிறகுதான் அந்தக் கிழவரின் குரல் ஞாபகத்துக்கு வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

காக்கா ஒவ்வொரு நாளும் கல்முனைச் சந்தையில் மீன் வாங்கி வருவார். அன்றும் பையோடு வந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"காக்கா, அந்த மாட்ட ஆரு கண்ட?"

அவர் பையைக் கீழே வைத்தார். கிணற்றடியில் தறப்பாள் இல்லாமல் நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அப்படியே படியில் குந்திவிட்டார்.

"ஒருத்தரும் காணல்ல," என்றார். "நான் ஆஸ்பத்திரிக்குப் போன நேரம், வாகனம் ஒண்டு அடிச்சிட்டுப் போயிட்டெண்டுதான் அங்க நிண்ட ஆக்கள் சொன்னாங்க. ஒரு ஆள் என்ன ஒதுக்கமாக் கூட்டிப் போய்ச் சொன்னார், வாகனம் எண்டு சொன்னா அம்பாறை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க, கீறித் தச்சி நாளைக்குப் பின்னேரந்தான் தருவாங்க, மாடு எண்டு சொன்னா இப்பவே கொண்டு போகலாம் எண்டு. மச்சானக் கீறக் குடுக்க எனக்கு மனசு வரல்ல புள்ள. விசாரிக்க வந்தவர்ட்ட மாடு எண்டு சொல்லி ஒப்பம் வச்சிட்டன். ஒரு மாட்டத்தானே சொன்ன. அந்த மாட்டுக்கு ஒரு ஆள் இரிக்கி எண்டு நான் நெனக்கல்ல."

எங்களில் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அதைத்தான் செய்திருப்போம். மையத்தைக் காக்க வைக்கக் கூடாது, அதன் மேல் கத்தி படக் கூடாது. அந்த ஓட்டத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கொண்டு வந்துவிடுவோம். அடக்கிய பிறகு, அடக்கியது அடக்கியதுதான் என்று அந்தப் பேச்சையும் சேர்த்து மண்ணைப் போட்டுவிடுவோம்.

"போய்ச் சொல்லுங்க காக்கா. மாடு இல்ல எண்டு சொல்லுங்க."

"பொய் சொன்னதுக்கு என்ன உள்ள போடுவாங்க. எனக்குக் கட்டிக்குடுக்க மூணு கொமர் இரிக்கி புள்ள."

அவர் அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நாங்கள் நின்று கதைத்த வீடு அவர் கட்டியது. எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணுக்கு ஒரு வீடு இல்லாமல் கல்யாணம் இல்லை. எங்கள் வாப்பா வருத்தம் வந்து பாயில் படுத்துவிட, காக்கா கத்தாருக்குப் போய், தன் கல்யாணத்தையும் பின்னுக்குத் தள்ளி, இந்த வீட்டை எனக்கு எழுப்பித் தந்தார். அதன் சுவருக்குள் நின்றுகொண்டு அவரைக் காட்டிக்கொடுக்கப் போகிறேன். காக்காவை நான் நேசிக்கிறேன், இன்றும் நேசிக்கிறேன். ஆனால் அந்தக் கிழவர் எனக்கு ஒரு வீடும் கட்டித் தரவில்லை என்பதற்காக மறியலுக்குப் போக வேண்டுமா?

சேதி அறிந்து மச்சி வந்தாள். பொத்துவிலிலிருந்து மாமா போன் எடுத்தார். கிளறாதே, அந்த ஆளுக்குச் சின்னத் தண்டனைதான் கிடைக்கும், இத்தாவில் இருக்கிறவள் பொலிஸுக்குப் போனால் ஊர் என்ன சொல்லும் என்று ஆளுக்கொரு பாட்டுப் படித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது எனக்கும் தெரியும். நான் எங்கள் பள்ளிவாசல் மௌலவிக்குப் போன் எடுத்தேன்.

"இத்தாவில இரிக்கிறவ ஒரு தேவைக்கு வெளிய போகலாமா?"

"பகலில போகலாம். இரவுக்கு வீட்டுக்கு வந்துரணும். ஆனா டீச்சர், பொலிஸுக்கெல்லாம் எண்டா ஊரில கதை வரும்..."

"கதைய நான் பாத்துக்கிறன். நீங்க மார்க்கத்த மட்டும் சொல்லுங்க."

"மார்க்கத்தில தடை இல்ல," என்றார்.

பின்னேரம் மகள் நாடகத்தைப் போட வந்தாள். வேண்டாம் என்றேன். அந்தக் குடிகாரன் தோணிக்காரனை விட்டானா, ஊருக்குப் பயந்து பேசாமல் இருந்தானா, எனக்கு இன்றுவரை தெரியாது. "முடிவு தெரிய வேணாமா உம்மா?" என்று கேட்டாள். "அவன்ட முடிவ அவன் எடுக்கட்டும். நாளைக்கு ஓட்டோ ஒண்டு சொல்லு," என்றேன்.

காலையில் நான் வெள்ளை அபாயாவோடு வெளியே வந்தபோது காக்கா கேற்றடியில் நின்றார். கண் சிவந்திருந்தது. "நான் போறன் காக்கா. நீங்க வந்தா நீங்களே சொல்லுங்க. வராட்டி நான் சொல்லுவன்," என்றேன். ஓட்டோ சந்தி திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன், அவர் தன் பைக்கில் பின்னால் வந்துகொண்டிருந்தார். நடுவில் ஒரு பஸ் புகுந்து மறைத்தது. பொலிஸ் வாசலில் நான் இறங்கியபோதும் அவரைக் காணவில்லை. சரி, நான்தான் சொல்ல வேண்டும் என்று உள்ளே போனேன்.

அங்கே இருந்த ஓஐசியிடம் தாடியும் இல்லை, கோட்டும் இல்லை. பிளேன்டீ குடித்தபடி சிங்களத்தில் யாரையோ போனில் ஏசிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு என் வெள்ளையைப் பார்த்தார், எழுந்து ஒரு கதிரையைத் தானே இழுத்துப் போட்டார். தேடித் தேடித் தமிழ் கதைத்தார்.

"டீச்சர், அது முடிஞ்ச கேஸ். மாட்டுக்காரனுக்கு வழக்குப் போட்டாச்சி. ஏன் வந்தது?"

போனில் நான் பிடித்திருந்த படங்களை அவர் முன்னால் வைத்தேன். முன் லைட், பின் லைட், சிவப்புப் பெயின்ட். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் நிமிர்ந்தார். காக்கா வந்து நின்றார்.

"மாடு இல்ல சேர். நான்தான் பொய் சொன்ன," என்றார்.

ஓஐசி போனை என் பக்கம் தள்ளினார். அவருக்குக் கோபம்தான். முடிந்த வேலை திரும்ப வந்தால் யாருக்கும் கோபம் வரும். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் சொன்னார்:

"இந்தப் படம் காணாது டீச்சர். மாட்டுக்காரனை விட வேணும் என்றால் நீதவானுக்கு நிச்சயம் வேணும். உடம்பைத் தோண்டி எடுத்து டொக்டர் பார்க்க வேண்டி வரும். உங்களுக்குச் சம்மதமா?"

"ஐயோ, அதுக்காகத்தானே நான்..." என்று காக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நான் இதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. ஊரை எண்ணினேன், காக்காவை எண்ணினேன், இதை மட்டும் எண்ணவில்லை. கபன் துணியால் சுற்றி, மணத்தைப் பூசி, முகத்தைக் கடைசியாகக் காட்டிவிட்டுக் கொண்டுபோனார்களே, அவரை. எனக்குச் சம்மதமே இல்லை. "அந்த மனிசன மறியலுக்கு அனுப்பவும் எனக்கு ஏலாது. எழுதுங்க சேர்," என்றேன். எழுதி முடித்ததும் சிங்களத்தில் எழுதியதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்டு ஒப்பம் வைத்தேன்.

வழக்கின் மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்காரரை விட்டுவிட்டார்கள். காக்காவை நீதவான் நன்றாக ஏசி, எச்சரித்து அனுப்பினார். சிவப்பு வாகனம் இன்னும் அகப்படவில்லை, நான் இன்னும் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இதெல்லாம் நடப்பதற்கு முன் அவரைத் தோண்டி எடுக்கும் காலை வந்தது.

நீதவான் வந்திருந்தார். டொக்டர், பொலிஸ், பள்ளிவாசல்காரர் எல்லோரும் நின்றார்கள். அவரை அடக்கிய மையவாடியில் ஒரு மூலையைத் தறப்பாள் கட்டி மறைத்திருந்தார்கள். மாட்டுக்காரரையும் கூட்டி வந்திருந்தார்கள். அவர் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளிக் கேற்றில் நின்றேன். உள்ளே மண்வெட்டிச் சத்தம் நின்றது.

"குடும்பத்தில ஒரு ஆள் அடையாளம் காட்ட வரணும்," என்று பொலிஸ் சாஜன் ஒருவர் கூப்பிட்டார்.

கேற்றின் உட்பக்கம் குந்தியிருந்த காக்கா எழுந்தார். நாலு அடி வைத்தார். கால் மடிந்து மணலில் இருந்துவிட்டார், எழும்பவே இல்லை. ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. நான் மகளின் கையை விட்டேன். பள்ளிவாசல்காரர் ஒருவர், "டீச்சர், நீங்க வேணாம்," என்று முன்னால் வந்தார். அவரைத் தாண்டி நடந்தேன்.

தறப்பாளுக்குள் வாடை இருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்தவில்லை. அவரிடம் நான் அப்படி நடந்ததில்லை. டொக்டர் துணியை விலக்கினார். முகம் முகமாக இல்லை.

"உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்டார்.

"இடக் கையப் பாருங்க. சின்ன விரல் கோணல். கலியாணம் முடிச்ச புதுசில கதவில நசுங்கின. நான்தான் கட்டுப் போட்ட, கோணலாக் கட்டிட்டன்."

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஓம், இவர்தான் என்ட மாப்புள," என்றேன். "இனி நீங்க முதுகப் பாருங்க, டொக்டர்."